விடலைப் பருவ நாய்க்குட்டி: ஒரு புதிர் விளங்கிய வரலாறு

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பொமரேனியன் போன்ற சிறிய இன நாய்க்குட்டி ஒன்று வளர்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மாதக் குட்டியாக அது வந்தது. பெயர் சொல்லி அழைத்தால் ஓடி வரும். "உட்கார்" என்றால் உட்காரும். வீட்டுக்கு வருவோர் அனைவரிடமும் வாலை ஆட்டும். ஏழாவது அல்லது எட்டாவது மாதத்தில் எல்லாம் தலைகீழாக மாறுகிறது. அழைத்தால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போகிறது. நாள்தோறும் பார்த்த குப்பைத் தொட்டியைக் கண்டு குரைக்கிறது. உணவுத் தட்டின் அருகே கை வைத்தால் உறுமுகிறது. பழகிய பால்காரரைக் கண்டு கட்டிலுக்கு அடியில் பதுங்குகிறது.

இதைக் காண்பவர்கள் ஆளுக்கொரு காரணம் கூறுவார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்பார் ஒருவர். "திமிர் ஏறிவிட்டது, இரண்டு போட்டால் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். "வெறி பிடித்திருக்கும், எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்பார் மூன்றாமவர். எந்த விளக்கத்தை நாம் ஏற்கிறோமோ அதைப் பொறுத்தே அந்தக் குட்டியின் வாழ்வு அமைகிறது. அமெரிக்க நாட்டுக் காப்பகங்கள் சிலவற்றில் 1990-களில் ஒரு கணக்கு எடுத்தார்கள். உரிமையாளர்களே கொண்டுவந்து விட்டுச்சென்ற நாய்களில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டவை. கைவிடப்பட்டவை பெரும்பாலும் கிழ நாய்கள் அல்ல. இளம் நாய்களே என்பதை இது காட்டுகிறது.

இந்தத் திடீர் மாற்றத்திற்குக் காரணம் என்ன? இக்கேள்விக்கு விடை காண அறிவியலுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த வரலாற்றில் கோழிக்குஞ்சும் வெள்ளமும் நரியும் ஓநாயும் வருகின்றன. வாருங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

முக்காடு அணிந்த கோழிக்குஞ்சுகள்

பிரிட்டனில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்பவர் வாழ்ந்தார். கூரை வேயும் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கித் தம் முயற்சியால் கல்வி கற்றவர். பிற்காலத்தில் அம்பர்லி பிரபுவின் வீட்டில் ஆசிரியராக இருந்தார். மெய்யியலறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் அந்த வீட்டுப் பிள்ளையே.

ஸ்பால்டிங் 1873-ஆம் ஆண்டில் தம் சோதனைகளை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சுகளுக்கு, அவை கண் திறந்து உலகைப் பார்க்கும் முன்பே, சிறு முக்காடு ஒன்றை அவர் போட்டுவிடுவார். ஓரிரு நாள் கழித்து முக்காட்டை நீக்கினால், குஞ்சுகள் அவரையே தாய் என எண்ணிப் பின்தொடர்ந்தன. மூன்று குஞ்சுகளுக்கு மட்டும் ஏறத்தாழ நான்கு நாள் ஆகும்வரை முக்காட்டை நீக்காமல் வைத்திருந்தார். பிறகு நீக்கியபோது அவை அவரைக் கண்டு பேரச்சம் கொண்டு, அவர் நெருங்கும்போதெல்லாம் ஓடி ஒளிந்தன. முந்திய நாள் நீக்கியிருந்தால் அவரை நோக்கி ஓடி வந்திருக்கும் குஞ்சுகள், ஒரு நாள் தாழ்ந்ததால் அவரை விட்டு ஓடின.

இச்சோதனையின் கருத்தைக் கூர்ந்து நோக்குங்கள். அந்த நான்கு நாட்களில் குஞ்சுகள் எதையும் பார்க்கவில்லை. யாரும் அவற்றை அடிக்கவில்லை, அச்சுறுத்தவுமில்லை. எனவே அந்த அச்சம் கற்றுக்கொண்டதாக இருக்க முடியாது. உடல் வளர வளர உள்ளிருந்தே அது தோன்றியிருக்க வேண்டும். அனுபவம் எதுவும் இன்றியே ஒரு விலங்கின் நடத்தை வளர்ச்சியின் காரணமாகத் திடீரென மாறலாம் என்னும் முதல் பாடம் இங்கே கிடைத்தது.

ஸ்பால்டிங் 1877-இல் மறைந்தார். அவருடைய கட்டுரையும் பெரும்பாலும் மறக்கப்பட்டது. 1935-இல் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கான்ராட் லோரென்ஸ் வாத்து முதலிய பறவைகளிடம் இதே நிகழ்ச்சியை விரிவாக எடுத்துக்காட்டிய பின்னரே இத்துறை வலுப்பெற்றது. 1973-இல் லோரென்ஸ் நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார். ஸ்பால்டிங்கின் கட்டுரையை 1954-இல் தேடியெடுத்து மீண்டும் அச்சேற்றியவர், பின்னாளில் இந்தியாவில் குடியேறிய உயிரியலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

வெள்ளம் அழித்த பாடம்

இரண்டாம் பாடம் ரஷ்யாவிலிருந்து வந்தது. மணியோசை போன்ற குறிப்புகளுக்கு நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுமாறு பழக்கலாம் என்று காட்டிய பாவ்லோவின் பெயரை நீங்கள் அறிவீர்கள். 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் லெனின்கிராட் நகரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பாவ்லோவின் நாய்க் கொட்டிலிலும் நீர் புகுந்தது. நாய்களை வெள்ளத்தில் நீந்தச் செய்து ஆய்வுக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து காப்பாற்றினார்கள்.

உயிர் பிழைத்த நாய்களுள் சில அடுத்த நாட்களில் வியப்பூட்டும் வகையில் மாறியிருந்தன. பல மாதம் பழக்கி நிலைபெறச் செய்திருந்த பாடங்கள் மறைந்துபோயின. பொறுமையாகப் பழக்கியதில் அவை மெல்ல மெல்லத் திரும்பின. அப்போது பாவ்லோவின் குழுவினர் சோதனை அறையின் கதவுக்கு அடியில் சிறிதளவு நீர் கசிந்து வரும்படி செய்தனர். அதைக் கண்ட நாய் மீண்டும் கலங்கியது. மீண்ட பாடங்கள் மறுபடியும் மறைந்தன.

கற்ற பாடம் மாயமாக மறைந்தால் "மறந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பாடம் உள்ளே இருந்தது. அச்சம் அதை வெளிப்படாமல் தடுத்தது. எல்லா நாய்களும் ஒரே அளவில் பாதிக்கப்படவில்லை என்பதையும் பாவ்லோவ் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு நாயின் நரம்பு மண்டலமும் இயல்பிலேயே வேறுபட்டது என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார்.

ஐந்து இனங்கள், பதின்மூன்று ஆண்டுகள்

உள்ளிருந்து வரும் வளர்ச்சி ஒருபுறம்; வெளியிலிருந்து வரும் அனுபவம் மறுபுறம். இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு? இதை நாய்களிடமே நேரில் அளந்து காண முற்பட்டவர்கள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் சிற்றூரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தினர். 1945-இல் அங்கு வந்து சேர்ந்த ஜான் பால் ஸ்காட்டும், இரண்டாண்டு கழித்து வந்த ஜான் ஃபுல்லரும் இப்பணிக்குத் தலைமை தாங்கினர்.

பாசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லாந்து மேய்ப்பு நாய், கம்பிமயிர் ஃபாக்ஸ் டெரியர் ஆகிய ஐந்து இனங்களை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். இவை யாவும் சிறிய அல்லது நடுத்தர உடலுள்ளவை. எல்லாக் குட்டிகளையும் ஒரே முறையில் வளர்த்து, ஒரே வகைச் சோதனைகளை ஒரே வயதில் நடத்தினார்கள். இயற்பியல் ஆய்வில் ஒன்றைத் தவிர மற்ற அளவுகளை மாறாமல் வைத்துக்கொண்டு அளப்போம் அல்லவா, அதே முறை இது. பதின்மூன்று ஆண்டு உழைப்பின் பயன் 1965-இல் ஒரு பெரிய நூலாக வெளிவந்தது.

நாய்க்குட்டியின் வளர்ச்சி ஒரே சாய்வுள்ள நேர்கோடு போல அமைவதில்லை. படிக்கட்டைப் போல அமைகிறது என்று அந்நூல் காட்டியது. முதல் இரண்டு வாரம் குட்டி கண்ணும் காதும் திறவாமல் தாயின் சூட்டில் வாழ்கிறது. மூன்றாம் வாரத்தில் கண்ணும் காதும் திறந்து, நடக்கத் தொடங்குகிறது. மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை பிற உயிர்களோடு உறவு கொள்ளும் காலம். அதன்பின் இனப்பெருக்க முதிர்ச்சி வரும்வரை இளம்பருவம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும்போது ஏற்படும் மாற்றம் பார்ப்பவருக்குத் திடீரென்றே தோன்றும்.

இரண்டு கோடுகள் வெட்டும் இடம்

அதே ஆய்வுக்கூடத்தில் நடந்து, ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவரால் 1961-இல் வெளியிடப்பட்ட சோதனை ஒன்று இத்துறையில் புகழ்பெற்றது. உயரமான வேலி சூழ்ந்த வயல்களில், மனித முகமே தெரியாதவாறு தாயோடு குட்டிகளை வளர்த்தார்கள். உணவையும் வேலியின் துளை வழியாகவே செலுத்தினார்கள். சில குட்டிகளை இரண்டாம் வாரத்திலும், சிலவற்றை மூன்றாம் வாரத்திலும், பிறவற்றை ஐந்து, ஏழு, ஒன்பதாம் வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒரு வாரம் மட்டும் மனிதரோடு விளையாடவிட்டு, மீண்டும் வயலில் விட்டனர். சில குட்டிகளைப் பதினான்கு வாரம் வரை எடுக்கவே இல்லை.

மூன்று வாரக் குட்டிகள் தயங்காமல் மனிதரை அணுகின. ஏழு வாரக் குட்டிகள் முதலில் ஒதுங்கி, பிறகே நெருங்கின. பதினான்கு வாரம் வரை மனிதரையே காணாத குட்டிகளோ காட்டு விலங்குகளைப் போல் நடந்துகொண்டன. ஏறத்தாழ ஐந்தாம் வாரத்திலிருந்து ஒன்பதாம் வாரம் வரை பெற்ற பழக்கமே சிறந்த பயனைத் தந்தது.

இதை ஒரு வரைபடமாக நினைத்துப் பாருங்கள். கிடை அச்சில் வயது. புதியவற்றை நெருங்கும் ஆவலைக் குறிக்கும் கோடு மூன்றாம் வாரத்திலேயே உயரத் தொடங்குகிறது. புதியவற்றைக் கண்டு அஞ்சும் இயல்பைக் குறிக்கும் கோடு சற்றுத் தாமதமாகக் கிளம்பி, பின் வேகமாக ஏறுகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள காலமே உறவு கொள்வதற்கு வாய்ப்பான காலம். இயற்பியலில் மாறுநிலை வெப்பநிலை என்று படித்திருப்பீர்கள். அதுபோல் இதை மாறுநிலைக் காலம் என்று அழைக்கலாம்.

இந்தக் கோடுகள் மரபுவழி இடம்பெயரக்கூடியவை என்பதை ரஷ்ய நரிகள் காட்டின. 1959-இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கி, லியுத்மிலா துருத் தொடர்ந்து நடத்திய ஆய்வில், மனிதரிடம் சாதுவாக உள்ள நரிகளை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்த்தார்கள். சாதாரண நரிக்குட்டிக்கு ஆறாம் வார வாக்கில் வரும் அச்சம், தேர்ந்தெடுத்த மரபில் ஒன்பதாம் வாரத்திற்கோ அதற்கும் பின்னோ தள்ளிப்போயிற்று. நாய் மனிதனின் தோழனானதன் இரகசியங்களுள் ஒன்று, அச்சம் வரும் நாள் தள்ளிப்போனதே எனலாம்.

பாடத்தைப் புதுப்பிக்க வேண்டும்

அப்படியானால், பன்னிரண்டு வாரத்துக்குள் நன்கு பழக்கிவிட்ட குட்டி வாழ்நாள் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும் அல்லவா? பிறகு எட்டாம் மாதத்தில் அது ஏன் மாறுகிறது?

இதற்கு முதல் குறிப்பு, பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களிடமிருந்து கிடைத்தது. கலிபோர்னியாவில் இத்தகைய நாய்களைப் பழக்கிய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர் என்பவர் ஸ்காட்டின் உதவியை நாடினார். பன்னிரண்டாம் வாரத்தில் தேர்வு முடிந்த குட்டிகள், வளர்ப்பு வீடுகளுக்குச் செல்லும் முன் கொட்டிலில் எத்தனை நாள் காத்திருந்தன என்று இருவரும் கணக்கிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் வீடு சென்ற குட்டிகளில் நூற்றுக்கு 90 வழிகாட்டி நாய்களாகத் தேறின. மூன்று வாரத்துக்கு மேல் காத்திருந்தவற்றில் நூற்றுக்கு 30 மட்டுமே தேறின. முதலில் எல்லாக் குட்டிகளும் ஒரே அளவில் பழக்கப்பட்டவையே. இடையில் விட்டுப்போன சில வாரங்கள் அந்தப் பழக்கத்தைக் குலைத்துவிட்டன. 1959-இல் வெளியான முடிவு இது.

இரண்டாவது குறிப்பு ஓநாய்கள் தந்தது. உல்பி, கின்ஸ்பர்க் என்னும் இருவர் 1967-இல் ஓநாய்களைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். குட்டிப் பருவத்தில் மனிதரோடு பழகிய ஓநாய்கள், இடையில் மனிதத் தொடர்பு அறுந்தால் அப்பழக்கத்தை இழந்தன. முழு வளர்ச்சி பெற்றபின், அச்சம் முற்றிய நிலையில், அரும்பாடுபட்டுப் பழக்கிய ஓநாய்களோ அதை இழக்கவில்லை. காரணம் என்ன? குட்டி கற்றபோது அதனிடம் முழு அச்சம் இல்லை. அந்த அச்சம் பின்னர் வளரும்போது, பழைய பாடத்தைப் புதிய அச்சத்தோடு சேர்த்து மறுபடியும் கற்க வேண்டியிருக்கிறது.

நாய் ஓநாய் அன்று. ஆயினும் எட்டு மாதக் குட்டி நாள்தோறும் கண்ட குப்பைத் தொட்டியைப் பார்த்து ஏன் குரைக்கிறது என்பதற்கு இது ஓரளவு ஒளி தருகிறது. தொட்டி மாறவில்லை, அதைப் பார்க்கும் மூளை மாறிவிட்டது.

சிறிய உடல், விரைந்து ஓடும் கடிகாரம்

சிறிய இனங்களுக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. பெரிய இன நாய் முழு வளர்ச்சி அடைய ஒன்றரை ஆண்டு ஆகலாம். சிறிய இனக் குட்டியோ பத்து மாதத்துக்குள் ஏறத்தாழ முழு உருவம் பெற்றுவிடும். பெண் குட்டியின் முதல் பருவகாலமும் சிறிய இனங்களில் ஆறு முதல் பத்து மாதத்துக்குள் வந்துவிடுவது வழக்கம். மிகப் பெரிய இனங்களில் அது ஓராண்டைத் தாண்டியும் வரும்.

உடல் சிறுத்ததற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றை 2007-இல் மரபியலறிஞர்கள் கண்டறிந்தனர். வளர்ச்சியைத் தூண்டும் இன்சுலின் போன்ற பொருள் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் சிறு வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாடு மனிதன் படைத்ததன்று. ஏறத்தாழ 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓநாயின் எச்சத்திலும் அது இருப்பதாக 2022-இல் தெரியவந்தது.

உடல் சிறியது என்பதால் எல்லாச் சிறிய இனங்களின் மனமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில் கேவலியர் ஸ்பானியல், யார்க்‌ஷயர் டெரியர், ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளிடம் அச்சம் முதன்முதலில் தோன்றும் வயதைக் கணக்கிட்டனர். பெரிய இனமான ஜெர்மன் ஷெப்பர்டில் அது முந்தியே வந்தது. சிறிய இனமான கேவலியரில் மிகப் பிந்தி வந்தது. யார்க்‌ஷயரோ சிறிய இனமாயிருந்தும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அருகிலேயே இருந்தது. ஆகவே "சின்ன நாய்கள் எல்லாம் கோபக்கார நாய்கள்" என்பது போன்ற பொது முடிவுகளை நம்ப வேண்டாம்.

ஒரு தவறான பாதை

இதற்கிடையில் வேறொரு விளக்கம் உலகெங்கும் பரவியிருந்தது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்னும் அறிஞர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களின் சண்டைகளை ஆராய்ந்து எழுதினார். தலைமைக்காக ஓநாய்கள் ஓயாமல் போராடுகின்றன என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. நாய் ஓநாயின் வழி வந்ததுதானே. ஆகவே உறுமும் இளம் நாய் வீட்டுத் தலைமையைப் பறிக்க முயல்கிறது, அதை அடக்கி மல்லாத்திக் கிடத்த வேண்டும் என்று நாய் பழக்குவோர் பலர் போதித்தனர்.

அமெரிக்க அறிஞர் டேவிட் மீச் 1970-இல் எழுதிய ஓநாய் நூலும் இக்கருத்தைப் பரப்பியது. பின்னர் அவரே வட துருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் நேரில் கண்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே. அங்கே தலைமைப் போர் நடப்பதில்லை. இதை அவர் 1999-இல் வெளியிட்டார். தம் பழைய நூலை மேலும் அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். தாம் எழுதியதைத் தாமே திருத்தும் துணிவு அறிவியலுக்கு அழகு.

அடியின் பயன் என்ன என்பதும் ஆராயப்பட்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் நாய் வளர்ப்போரிடம் கேட்டறிந்து 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களில் நூற்றுக்கு 43 பேரிடம் நாய் எதிர்த்துச் சீறியிருந்தது. அஞ்சும் குட்டியை மேலும் அச்சுறுத்தினால் அது கடிக்கக் கற்றுக்கொள்ளும், இதில் வியப்பில்லை.

சுரப்பியும் மூளையும்

உண்மையான காரணத்தை நோக்கிய பாதை நாளமில்லாச் சுரப்பிகளின் வழியே சென்றது. 1849-இல் ஜெர்மன் அறிஞர் பெர்த்தோல்டு, விரைகள் நீக்கப்பட்ட சேவல் குஞ்சுகள் கூவாமலும் சண்டையிடாமலும் வளர்வதையும், விரையை அவற்றின் வயிற்றினுள் வேறிடத்தில் பொருத்தினால் அவ்வியல்புகள் திரும்புவதையும் காட்டினார். நரம்புத் தொடர்பு இன்றியே குருதி வழியாக ஏதோ ஒரு செய்தி மூளைக்குச் செல்கிறது என்று இதிலிருந்து விளங்கியது. 1905-இல் ஸ்டார்லிங் இத்தகைய செய்திப் பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயரிட்டார்.

ஆனால் ஹார்மோன் மட்டுமே முழுக் காரணம் அன்று. 1979-இல் சிக்காகோவைச் சேர்ந்த பீட்டர் ஹுட்டன்லாகர் மனித மூளையின் முன்பகுதியில் நரம்பு இணைப்புகளை எண்ணிப் பார்த்தார். குழந்தைப் பருவத்தில் மிகுதியாக உள்ள இணைப்புகள், விடலைப் பருவம் முடிவதற்குள் பெருமளவு குறைந்துவிடுகின்றன. தேவையானவை நிலைக்க, மற்றவை களையப்படுகின்றன. அவசர உணர்ச்சியை அடக்கும் பணி இந்த முன்பகுதிக்கு உரியது. பாலூட்டிகளின் விடலைப் பருவத்தில் மூளை இவ்வாறு திருத்தி அமைக்கப்படுவது எலி, குரங்கு முதலியவற்றிலும் காணப்பட்டது.

"உட்கார்" என்ற ஒரு சொல்

இனி 2020-க்கு வருவோம். லூசி ஆஷர், நயோமி ஹார்வி முதலிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்டு, இவற்றின் கலப்புக் குட்டிகள் ஆகியவற்றை ஆராய்ந்தார்கள். நேரடிச் சோதனைக்கு 69 நாய்கள் உட்பட்டன. முன்பே "உட்கார்" என்ற சொல்லைக் கற்றிருந்த குட்டிகளுக்கு ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் அதே கட்டளையைக் கொடுத்தனர்.

எட்டாம் மாதத்தில், வளர்ப்பவர் சொன்னால் குட்டி கேட்பது குறைந்திருந்தது. இதற்கு மூன்று காரணங்களைக் கருதலாம். குட்டி பாடத்தை மறந்திருக்கலாம், காது மந்தமாகியிருக்கலாம், அல்லது யாருக்கும் கீழ்ப்படியாத பருவத்தை அடைந்திருக்கலாம். ஆனால் அதே குட்டிக்கு முன்பின் தெரியாத ஒருவர் அதே கட்டளையைக் கொடுத்தபோது அது முன்பைவிட நன்றாகவே உட்கார்ந்தது!

இந்த ஒப்பீட்டுச் சோதனையின் அழகைக் கவனியுங்கள். மறந்திருந்தால் அயலாருக்கும் உட்கார்ந்திராது. காது கேட்காவிட்டாலும் உட்கார்ந்திராது. எல்லாருக்கும் அடங்காத குணம் வந்திருந்தாலும் உட்கார்ந்திராது. ஆகவே மாறியது பாடமுமன்று, புலனுமன்று. வளர்த்தவரோடு உள்ள உறவே மாறியிருந்தது. 285 நாய்களைப் பற்றித் திரட்டிய வினாத்தாள்களும் இதையே கூறின: வளர்ப்பவர்கள் எட்டாம் மாதத்தில் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள், பன்னிரண்டாம் மாதத்தில் மதிப்பெண் உயர்ந்தது. மனிதப் பிள்ளைகளின் விடலைப் பருவத்தில் பெற்றோருடன் ஏற்படும் பிணக்கிற்கு இது ஒத்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினர். வளர்ப்பவரிடம் பாதுகாப்பற்ற பிணைப்புக் கொண்ட பெண் குட்டிகள் விரைவில் பருவமடைந்ததையும் அவர்கள் கண்டனர்.

சோதிக்கப்பட்டவை பெரிய இனங்கள். விரைவில் பருவமடையும் சிறிய இனங்களில் இக்காலம் சற்று முந்தி வரலாம் என்று கருத இடமுண்டு. எந்த இனமாயினும் முக்கியச் செய்தி ஒன்றே: இது ஒரு கட்டம், கடந்துபோகும்.

வெறி என்ற ஐயம்

மூன்றாமவர் சொன்ன "வெறி" என்ற சொல்லை நாம் புறக்கணிக்கக் கூடாது. நம் நாட்டில் அது வெறும் பூச்சாண்டி அன்று. பாஸ்டர் 1885 ஜூலை 6-ஆம் நாள் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார். நம் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் 1907-இல் இதற்காகவே தொடங்கப்பட்டது. முன்னாளில் வயிற்றில் போட்ட பதினான்கு ஊசிகளை முதியோர் நினைவு கூர்வார்கள். இன்று கையில் போடும் சில ஊசிகளே போதும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? விடலைக் குட்டி ஒரு வேளை உறுமும், மறு வேளை விளையாடும், நன்றாக உண்ணும், ஒரு நாள் மோசமாகவும் மறுநாள் நன்றாகவும் இருக்கும். வெறிநோயில் மாற்றம் ஒரே திசையில், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். குரல் மாறும், தாடை தொங்கும், விழுங்க முடியாது, கால்கள் தளரும், நோய்க்குறி தோன்றிய பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். தெருநாயால் கடிபட்ட அல்லது தடுப்பூசி போடப்படாத குட்டி திடீரென மாறினால், அதைக் கையால் தொடாமல் தனியே அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செல்ல நாய்தானே என்று தயங்க வேண்டாம்.

வெறியைத் தவிர வேறு நோய்களும் குட்டியின் குணத்தை மாற்றும். நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப் பற்கள் முளைக்கின்றன. சிறிய இனங்களில் பால் பல் விழாமல் தங்கிவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. அதனால் வாய் வலிக்கும். முழங்கால் சில்லு இடம் பெயர்வதும் சிறிய இனங்களில் மிகுதி. வலியுள்ள குட்டியைத் தூக்கினால் அது உறுமாமல் என்ன செய்யும்? ஆகையால் நடத்தை திடீரென மாறினால் மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. நோய் இல்லை என்று தெரிந்த பின்னரே பருவம் காரணம் என்று முடிவு செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

இந்த வரலாறு நமக்குச் சில எளிய வழிகளைத் தருகிறது. குட்டியின் முதல் மூன்று மாதத்தில் பலவகை மனிதர், ஓசை, பொருள்களை அச்சமின்றி அறிமுகப்படுத்துங்கள். அத்தோடு நிறுத்திவிடாமல் ஓராண்டு வரை அந்தப் பழக்கத்தைத் தொடருங்கள். விடலைப் பருவத்தில் பழைய பாடங்களை, ஒரு சிறு துண்டு உணவைப் பரிசாகக் கொடுத்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்து கற்பியுங்கள். அஞ்சும் பொருளின் அருகே இழுத்துச் செல்லாமல், அஞ்சாத தொலைவில் நிறுத்தி மெல்ல மெல்ல நெருங்க விடுங்கள். அழைத்தால் வராத குட்டியைச் சாலையோரம் சங்கிலியின்றி விடாதீர்கள். அடிக்காதீர்கள்.

ஸ்பால்டிங்கின் குஞ்சு ஓடி ஒளிந்தது அதன் குற்றமன்று. பாவ்லோவின் நாய் பாடத்தை இழந்ததும் அதன் குற்றமன்று. உங்கள் குட்டி எட்டாம் மாதத்தில் உங்கள் சொல்லைக் கேளாமல் போவதும் அப்படியே. "கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்று அண்டை வீட்டார் சொல்லும்போது, நான்கு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று நீங்கள் சொல்ல முடியுமானால், இத்தனை அறிஞர்களின் உழைப்பு உங்கள் வீட்டுத் திண்ணையில் பயன் தந்துவிட்டது என்று பொருள்.